எட்டுக்குப் பத்து

அன்று ஹாலில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பாடியது மாமா, என் அக்காவின் கணவர். கிட்டார், பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார். பேஸ் கிட்டார், தந்தி ஆபீஸ்காரர். டிரம்ஸ், ராயப்பேட்டை பேக்கரிக்காரர். மைக்செட்காரர், தன் ஆம்ப்ளிஃபயர் எப்போது புகையுமோ என்று அதன் பக்கத்திலேயே குந்தியிருந்தார். ஹாலைக் கொடுத்த உதவிப் பங்குச் சாமியார், கடைசி வரிசையில் காதில் பஞ்சோடு. பேக்கரிக்காரரின் தம்பி. வாட்ச்மேன். மழைக்கு ஒதுங்கிய சுண்டல் வண்டிக்காரர். முன் வரிசையில் அக்கா. பாட்டைப் பதிகிற கேசட் டெக்குக்குப் பக்கத்தில் தரையில் நான். பதினொரு பேர்.

சாந்தோம் பக்கம் ஒரு மாதா கோயிலின் பங்கு ஹால் அது. மேலே தகரம். எண்பதுகளின் கடைசி. முன்னூறு இருக்கைகள் என்று நோட்டீஸ் அடித்து மயிலாப்பூர் முழுக்க ஒட்டியிருந்தோம். நாற்காலியும் முன்னூறு வந்து இறங்கியது. மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. வாட்ச்மேன் வாசலில் நின்று தெருவைப் பார்த்தான், உள்ளே பார்த்தான். "இன்னா நைனா, ஆளுக்கு முப்பது நாக்காலி கீது. படுத்துக்கினே கேக்கலாம்" என்றான். மாமா சிரித்தார். அவருக்குக் கூட்டம் ஒரு பொருட்டே இல்லை. டெக்கில் கேசட் ஓடுகிறதா என்பதுதான் அவர் கவலை. மைக்கைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்து, "மச்சி, ஓடுதா?" என்றார். நான் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "ஓடுது மாமா" என்றேன். அந்தப் பதிவில் முதலில் விழுந்த பேச்சு அதுதான். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அதே கேள்வி, அதே பதில். ஐந்தாவது பாட்டு, அதுவே கடைசி, பாதியில் போய்க்கொண்டிருக்கும்போது கேசட் டக்கென்று நின்றது. பக்கத்துக்கு அரை மணி ஓட வேண்டிய கேசட். சாமியார் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவர். "இருபத்துநாலு நிமிஷந்தான் ஆச்சு" என்றார். கேசட் விற்றவனைத் திட்டினோம். எனக்கு அன்றே உறைத்திருக்க வேண்டும்.

மாமா ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் உதவியாளர். சோதனைக் குழாய் கழுவுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடகர் குழுவில் பாடுவார். ஒல்லியான குரல், மேலே போகப் போக இன்னும் மெலிந்து கம்பி மாதிரி நிற்கும். உடைந்து பார்த்ததில்லை. பெண்கள் பாட வேண்டிய இடத்தை இவர் பாடுகிறார் என்று பின்வரிசையில் கேலி செய்வார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். கப்பலில் வேலை செய்த அவருடைய சித்தப்பா மகன் ஹெவி மெட்டல் பாட்டுக் கேசட்டுகள் கொண்டு வந்து கொடுப்பார். அதைப் போட்டுக் கேட்க ஒரு டெக் வேண்டும். அதே கப்பல்காரர் ஒரு டெக்கையும் கொண்டு வந்து போட்டார். நல்ல மிஷின்தான். உள்ளே மோட்டாரில் இருக்க வேண்டிய பித்தளைச் சக்கரம் மட்டும் பிளந்து கிடந்தது. புல்லி என்போம். சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். அதன் பள்ளத்தில்தான் பெல்ட் ஓடும். அந்த பெல்ட்தான் டேப்பை இழுக்கும்.

எனக்கு ஆறாவதோடு படிப்பு முடிந்தது. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் கடைசல் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போதும் அதுதான் வேலை, பட்டறைதான் மாறிவிட்டது. மாமா பிளந்த புல்லியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டு வந்து என் கையில் வைத்தார். "உன்னால ஆவும் மச்சி" என்றார். அப்போது எனக்கு லேத்தைத் தனியாகக் கையில் கொடுத்து ஆறு மாதம். வெர்னியர் அளவுகோலில் அளந்தேன், பித்தளைக் கம்பியில் கடைந்தேன், அன்று மாலையே மாட்டினோம். ஓடியது. டெக்கிலிருந்து வந்த சத்தம் எங்களைப் பிடித்து ஆட்டியது. அவ்வளவு வேகத்தை யாரும் கேட்டதில்லை. இங்கிலீஷில் ஒரு வரி எனக்குப் புரியாது. ஆனால் பகல் முழுக்க இரும்பு இரும்பைத் தின்கிற சத்தத்தில் நிற்பவனுக்கு அந்தப் பாட்டு அந்நியமாகப் படவில்லை. நான் நின்றுகொண்டு கேட்பேன். இன்றைக்கும் மெட்டலை உட்கார்ந்து கேட்க எனக்கு வராது.

மூன்று வருஷம் மாமாவும் அவர் சேர்த்த கூட்டமும் அந்த டெக்கில்தான் எல்லாம் கேட்டார்கள், அதைக் கேட்டே பழகினார்கள். வேறு எங்கும் அந்தப் பாட்டுகள் கேட்கக் கிடைக்காது. டெக் எவ்வளவு வேகம் ஓடியதோ அவ்வளவு வேகம் வாசிக்க வேண்டும் என்பது மாமா வைத்த சட்டம். வெள்ளைக்காரனால் ஆகிறது, நம்மால் ஏன் ஆகாது என்பார். வாத்தியார் சுருதிக்காகக் கிட்டாரின் கம்பியை ஏற்றிக்கொண்டே போவார், வாரத்துக்கு இரண்டு அறுந்து முகத்தில் அடிக்கும். பேக்கரிக்காரருக்கு வலது கை தூக்க முடியாமல் போய்விட்டது. "மாவு பெசையவே கை வரமாட்டேங்குது, கஸ்டமர் பன்னு கல்லு மாதிரி கீதுன்றான்" என்று புலம்புவார். மாமா மட்டும் புலம்பவில்லை. குரலை ஏற்றினார். இன்னும் ஏற்றினார். மிளகும் பனங்கற்கண்டும் சட்டைப் பையிலேயே இருக்கும். சொந்தமாகப் பாட்டுக் கட்டியபோதும் அதே வேகம், அதே உயரம். அப்படித்தான் அந்த மழை நாளில் பாடினார்.

அதற்கப்புறம் ஒரு நாள் அண்ணா சாலையில் ஒரு கடை வாசலில் நின்றேன். உள்ளே எங்களுக்குப் பழகின பாட்டு ஒன்று ஓடியது. மெதுவாக ஓடியது. பாடுபவன் குரல் தடித்திருந்தது. கடைக்காரரிடம் மிஷின் ரிப்பேரா என்று கேட்டேன். "புது மிஷின் சார், போன வாரந்தான் வாங்கினது" என்றார். பஸ் ஏறி நேராகப் பட்டறைக்குப் போனேன். பிளந்த பழைய புல்லி என் டப்பாவில் இருந்தது. மறுபடி அளந்தேன். புல்லிக்கு இரண்டு ஓரத்திலும் விளிம்பு உண்டு, நடுவில் பள்ளம். பள்ளம் எட்டு மில்லி. விளிம்பு பத்து. நான் பள்ளத்தை அளக்க வேண்டிய இடத்தில் விளிம்பை அளந்திருக்கிறேன். பத்து மில்லிக்குப் பள்ளம் வெட்டி, அதற்கு மேல் விளிம்பு வைத்திருக்கிறேன். சக்கரம் பெருத்தால் டேப் வேகமாக ஓடும், குரலும் மேலே ஏறும். எட்டு ஓட வேண்டிய இடத்தில் பத்து ஓடியிருக்கிறது, மூன்று வருஷமாக. உலகத்தில் எந்தக் கூட்டமும் வாசிக்காத வேகத்தைத் துரத்திக்கொண்டு இவர்கள் கையையும் தொண்டையையும் கெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். கடைசல்காரன் பள்ளத்துக்குப் பதில் விளிம்பை அளந்தேன் என்று எப்படிச் சொல்வது. அதற்குள் டெக்கில் மோட்டார் எரிந்து பழைய இரும்புக்குப் போனது. மாமா அந்த மழை நாள் கேசட்டைப் பக்கத்து வீட்டு மிஷினில் போட்டார். வேகமாக ஓடிய டெக்கில் பதிந்தது, சரியாக ஓடும் மிஷினில் இழுத்துக்கொண்டு வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து ஒரு தடியன் பாடுவது போல இருந்தது. மாமா முழுதும் கேட்டார். "டேப்பு இழுத்துக்கிச்சு மச்சி, வுடு" என்றார். நான் "ஆமா மாமா" என்றேன். அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. கேசட்டை யாரோ பெங்களூர்க் கல்லூரிப் பையன் கேட்டான் என்று கொடுத்துவிட்டார். இரண்டொரு வருஷத்தில் குரல் கட்டிப்போய் கோயிலில் பாடுவதையும் நிறுத்தினார். பிறகு மஞ்சள் காமாலை வந்து போய்விட்டார். மகளுக்கு நாலு வயது. அவர் குரல் வேறு எதிலும் பதியவில்லை. கல்யாண ஆல்பம் இருக்கிறது, அதில் சத்தம் இல்லை.

இனி நடந்தது எல்லாம் போன வருஷத்துக் கதை. அக்கா இப்போது மகளோடு திருவான்மியூரில் இருக்கிறாள். ஞாயிறு காலை தனியாகப் பஸ் ஏறிப் பழைய பங்குக்குப் பூசைக்குப் போய்வருவாள். மீன் வாங்கிக்கொண்டு வருவாள். அவள் ராஜ்ஜியம் அது. அக்கா மகள் அடையாறில் ஒரு ஆபீசில் இருக்கிறாள். அவளோடு வேலை செய்யும் ஒருவர் போனில் ஏதோ அனுப்பியிருக்கிறார். பழைய மெட்டல் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் ஒரு இணையக் குழு. அதில் இந்தக் கேசட். எங்கள் நோட்டீஸின் படமும், மாமா பெயரும். நம் நாட்டிலேயே இவ்வளவு மெதுவாக, இவ்வளவு தாழ்ந்த குரலில் அந்தக் காலத்தில் யாரும் பாடியதில்லை, இவர்தான் முதல் ஆள் என்று எழுதியிருக்கிறார்கள். பிரேசில்காரன் ஒருவன் அந்தக் குரலைக் கேட்டு அழுதேன் என்கிறான். அக்கா மகளுக்குத் தலைகால் புரியவில்லை. நினைவு தெரிந்து அப்பா குரலை முதன்முதலாகக் கேட்கிறாள். வீட்டுக்கு வந்து அம்மாவை உட்காரவைத்துப் போட்டுக் காட்டியிருக்கிறாள்.

அக்கா ஒரு நிமிஷம் கேட்டாள். "இது உங்கப்பா இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அங்கே பிடித்தது வம்பு. பெயர் இருக்கிறது, நோட்டீஸ் இருக்கிறது, பத்தாயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள், கட்டின பெண்டாட்டிக்கு மட்டும் அடையாளம் தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம். மகள் மறுபடி மறுபடி போட்டுக் காட்டினாள். அக்கா மறுபடி மறுபடி இல்லை என்றாள். அந்த வாரம் பால் பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் கசிந்தது. இரண்டையும் மகள் முடிச்சுப் போட்டாள். டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் இன்றைக்கு என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்றெல்லாம் கேட்டிருக்கிறார். "அவரு கேட்டது எல்லாத்துக்கும் சொன்னேன், அவருக்கே தொண்ணூத்து மூணுக்கு அப்புறம் பேப்பரப் பாக்க வேண்டியிருந்துச்சு" என்று அக்கா என்னிடம் பொருமினாள். வயதாகிறது, கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினாராம். மகள் ஆபீஸ் போகும்போது சமையலறையைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். தனியாகப் பஸ் கூடாது என்றாள். பூசை டிவியில் பார்க்கலாம் என்றாள். அவள் மேல் தப்பில்லை. பயந்துவிட்டாள். நான் போயிருந்தபோது மகள் ஃபிளாஸ்க்கில் வைத்துவிட்டுப் போன காப்பியை அக்கா எனக்கு ஊற்றினாள். "நெஜமாவே எனக்கு மறந்துபூடுச்சாடா? அவரு குரலு அதுதானா? நீதான் பக்கத்துல குந்திக்கினு இருந்தியே" என்றாள். எழுபதை நெருங்குகிறவள். இதற்கு முன்னால் என்னிடம் அவள் எதையும் சந்தேகமாகக் கேட்டதில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அந்தக் குழுவில் போய் வேகத்தைச் சரிசெய்யச் சொன்னால் போதும், பாட்டு சரியாகிவிடும், அக்கா கேட்பாள், மகளும் கேட்பாள், என் புல்லிக் கதை வெளியே வரவேண்டியதில்லை என்று கணக்குப் போட்டேன். குழுவில் சேர்ந்தேன்.

சேர்வதே பெரும்பாடு. என் விரலை போன் ஒத்துக்கொள்ளாது. நாற்பது வருஷம் இரும்பு பிடித்து நுனி காய்த்துப்போனது, அழுத்தினாலும் கண்ணாடிக்குத் தெரிவதில்லை. இடது கை மோதிர விரலால் தட்டினேன். படம் இல்லாததால் ஆளே இல்லாத போலிக் கணக்கு என்றார்கள். லேத்தைப் படம் பிடித்துப் போட்டேன். விதிகள் பதினாறு, படித்தேன் என்று சொல்ல வேண்டும். எல்லாம் இங்கிலீஷ். போன் தமிழாக்கிக் கொடுத்தது பாதி புரிந்தது. புதிதாக வந்தவர் தன்னைப் பற்றி எழுத வேண்டும் என்றது. எழுதினேன்: லேத் ஆபரேட்டர். வயது அறுபத்திரண்டு. இந்தப் பதிவில் டெக் பக்கத்தில் இருந்தவன். "ஓடுது மாமா" என்பது என் குரல். வேகம் தவறு. எட்டுக்குப் பத்து.

எனக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சிரிக்கிற மூஞ்சிகள் வரிசையாக வந்தன. "ஓகே தாத்தா" என்றான் ஒருவன். மாசத்துக்கு ஒரு அங்கிள் நானும் அங்கே இருந்தேன் என்று கிளம்பி வருகிறார் என்றான் இன்னொருவன். முன்னூறு பேர் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் இருந்திருக்கலாமே என்றான் மூன்றாமவன். நோட்டீஸில் முன்னூறு இருக்கைகள் என்று இருந்ததல்லவா, அதை வந்த கூட்டமாக எடுத்துக்கொண்டு குறிப்பில் எழுதி வைத்திருந்தார்கள். முன்னூறு நாற்காலி, பதினொரு பேர் என்று எழுதினேன். அதற்கு ஆதாரம் கேட்டார்கள். பழைய புல்லியை வெர்னியரில் வைத்துப் படம் எடுத்துப் போட்டேன். பொருட்களை விற்க இங்கே அனுமதி இல்லை என்று குழுவின் மிஷின் அதைத் தானாகவே எடுத்துவிட்டது. திரும்பப் போட்டேன். மூன்று நாள் எழுத முடியாதபடி கட்டிப்போட்டார்கள். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிறவன் நான். அதிகம் பேசுகிறேன் என்று என் வாயைக் கட்டியது அந்தக் குழு ஒன்றுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த மூன்று நாளும் அவர்கள் சேர்த்து வைத்திருந்த மற்றதையெல்லாம் கேட்டேன். கவுஹாத்தி, ஷில்லாங், பம்பாய். எங்களை மாதிரியே யாரோ தகரக் கொட்டகையில் நின்று கத்தியிருக்கிறார்கள். பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் நின்றுகொண்டே கேட்டேன். நல்ல வேலை செய்திருக்கிறார்கள். அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமானது. இவ்வளவு காது இருக்கிறவர்களுக்கு இது ஏன் கேட்கவில்லை.

குழுவின் அட்மின் தி. நகரில் இருப்பதாக எங்கோ எழுதியிருந்தான். நேரில் வருகிறேன் என்று செய்தி போட்டேன். ஆச்சரியமாக, வரச் சொன்னான். போனால் ஜவுளிக்கடை. கல்லாவில் இருந்த அவன் அப்பா, "வாங்கண்ணாச்சி, வேட்டியா சேலையா?" என்றார். மகனைப் பார்க்க வந்தேன் என்றேன். "மேல கெடப்பான். பேய் கத்துத மாதிரி சத்தம் வரும், அந்த ரூமு" என்றார். மாடியில் துணி மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேஜை. முப்பது வயது இருக்கும், தாடி, கறுப்புச் சட்டை. மரியாதையாக எழுந்து நாற்காலி போட்டான். காகிதத்தைப் பிரித்துப் புல்லியை மேஜையில் வைத்தேன். விளிம்பு, பள்ளம், எட்டு, பத்து. என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான். என் அக்காவிடம் சொல்லாததை அவனிடம் சொன்னேன்.

அவன் புல்லியைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தான். "தெரியும் அங்கிள்" என்றான்.

எனக்கு விளங்கவில்லை.

"வேகம் தப்புன்னு தெரியும். ஏன்னு தெரியாது, இப்பத்தான் தெரியுது. பின்னாடி கரண்ட் இரைச்சல் ஒண்ணு இருக்கு, கேட்டிருப்பீங்க. நம்ம ஊரு கரண்ட் அம்பது ஹெர்ட்ஸ்ல இரையணும். இதுல நாப்பதுல இரையுது. போன வருஷமே பாத்துட்டேன்."

"அப்புறம் ஏன் மாத்தல?"

அவன் தாடியைத் தடவினான். "அங்கிள், கோச்சுக்காதீங்க. சரியான வேகத்துல போட்டுப் பாத்தேன். வேகமாப் பாடுற பேண்டு. அந்த மாதிரி ஆயிரம் இருக்கு. மெதுவா இருந்தாத்தான் இது இது. எல்லாரும் கேட்டது இத. ரெக்கார்டா போடலாம்னு வெளிநாட்டுல ஒருத்தர் பேசிக்கிட்டு இருக்காரு. இப்பப் போய் மிஷின் தப்பு, பாட்டு அப்படி இல்லன்னா, அத்தன பேரு கேட்டதும் பொய்னு ஆயிடும்."

"எங்க மாமா பாடினது?"

"அதுவும் இருக்கட்டும் அங்கிள். யாரு இல்லன்னா?"

"எங்க அக்கா கேட்டுச்சு. அவரு இல்லன்னுச்சு. அதுக்குப் புத்தி தடுமாறிடுச்சுன்னு வூட்டுல சமையல்கட்டப் பூட்டி வெச்சிருக்காங்க."

அவன் புல்லியைக் காகிதத்தில் திரும்ப மடித்து என் பக்கம் நகர்த்தினான். கீழே கத்திரிக்கோல் துணி கிழிக்கிற சத்தம் வந்தது. குழுவில் மாற்ற முடியாது, வேண்டுமானால் கேசட்டிலிருந்து எடுத்த முழுப் பதிவையும் உங்களுக்கு அனுப்புகிறேன் என்றான். அனுப்பினான். படியிறங்கும்போது, "எங்கம்மாவும் இத நிறுத்துடான்னுதான் அங்கிள் சொல்றாங்க" என்றான் சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போனில் வேகம் கூட்டும் பொத்தான் இருக்கிறது என்று பட்டறையில் சொன்னார்கள். ஒன்றே கால் என்று வைத்தேன். வேகம் கூடியது. குரல் அதே தடியன் குரல், அவசரமாகப் பாடினான். வேகத்தைக் கூட்டினாலும் குரல் மாறாமல் போன் பார்த்துக்கொள்ளுமாம். என்ன அக்கறை. எரிச்சலில் போனைத் துணிக்குள் சுற்றிப் பெட்டியில் போட்டேன். அப்புறம் எனக்குத் தெரிந்த வழிக்கே திரும்பினேன். ராயப்பேட்டையில் ஒரு பழைய டெக் கிடைத்தது. முதலில் அதை அதன் சொந்த வேகத்திலேயே ஓடவிட்டு, போனிலிருந்து பாட்டைக் கேசட்டில் ஏற்றினேன். பிறகு உள்ளேயிருந்த புல்லியைக் கழற்றினேன். அதன் பள்ளம் ஏழு. எட்டே முக்கால் வேண்டும். எங்கள் பட்டறையில் இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் மிஷின். மூலையில் ஒரு பழைய லேத் தூசியோடு நிற்கிறது. அதில் கடைந்தேன். அன்று தெரியாமல் செய்த தப்பை இன்று மில்லி பிசகாமல் செய்ய வேண்டியிருந்தது. பள்ளத்தை நாலு தடவை அளந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை டெக்கைத் தூக்கிக்கொண்டு திருவான்மியூர் போனேன். டிவியில் பூசை முடிந்திருந்தது. அக்கா தட்டில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் நின்று கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மறுபடியும் அதுவா மாமா? மம்மி அப்செட் ஆயிடுவாங்க, வேணாமே" என்றாள் என்னிடம். நான் ஒன்றும் சொல்லாமல் வயரைச் சொருகினேன்.

முதலில் மழை. தகரத்தில் விழுகிற மழை. மெதுவாக ஓடியபோது அது ஏதோ இரைச்சலாகத்தான் இருந்தது. வாத்தியார் ஒரு தடவை கம்பியைச் சுண்டினார். அப்புறம் அந்த ஒல்லிக் குரல், கோயிலில் பின்வரிசையில் கேலி செய்யப்பட்ட குரல், "மச்சி, ஓடுதா?" என்றது.

அக்காவின் கத்தி நின்றது. "எத்தினி வாட்டி கேப்பாரு" என்றாள், டெக்கைப் பார்த்து. "இவன் ஒடனே பதில் சொல்ல மாட்டான். சக்கரத்தயே பாத்துக்கினு இருப்பான்."

"ஓடுது மாமா" என்றது டெக். அப்போது இருபத்தாறு இருபத்தேழு வயது எனக்கு.

பாட்டு தொடங்கியது. மாமா மேலே போனார். இன்னும் மேலே போனார். அந்த உயரத்துக்கு அவர் போக வேண்டிய அவசியமே இருந்ததில்லை, அது என் விளிம்பு. ஆனால் போனார், உடையாமல் நின்றார். அக்கா மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மம்மி, இதான் டாடியா?" என்றாள். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். பாட்டு பாதியில் அறுந்து நிற்கும் வரை கேட்டோம். டெக்கில் இருபத்துநாலு நிமிஷம்.

அதற்கப்புறம் சொன்னேன். புல்லியை எடுத்து வைத்துச் சொன்னேன். அன்று அண்ணா சாலையில் கேட்டது, வெர்னியரில் பார்த்தது, மாமாவிடம் ஆமா என்று தலையாட்டியது, தொண்டை போனது. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா பீன்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "முப்பத்தஞ்சு வருஷமா வாயில இன்னா கொழுக்கட்டயா வெச்சிக்கினு இருந்த?" என்றாள். "அவராண்ட சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாருடா. சிரிச்சிட்டு, அந்த வேகத்தயே புடிச்சிட்டோமேன்னு ஊரெல்லாம் பீத்திக்கினு திரிஞ்சிருப்பாரு. அத நீ அவருக்குக் குடுக்கல." அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. பிறகு மகள் பக்கம் உள்ளங்கையை நீட்டினாள். "மொதல்ல சாவியக் குடு. பீன்ஸு வதங்கிப்பூடும்." மகள் எழுந்து போய்க் கைப்பையிலிருந்து சாவியை எடுத்து வந்து கையில் வைத்தாள். "சாரி மம்மி" என்றாள். அக்கா அதற்குள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள்.

சாப்பிடும்போது மகள் அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று கேட்டாள். நானும் அக்காவும் மாற்றி மாற்றிச் சொன்னோம். சாமியாரின் பஞ்சு. சுண்டல்காரர் போகும்போது எல்லாருக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தது. மகள் விரல் விட்டு எண்ணினாள். பதினொண்ணு என்றாள். அக்கா குழம்பை ஊற்றிக்கொண்டே, "உன்ன வுட்டுட்டியே. ஆறு மாசம். அவரு பாட ஆரம்பிச்சதுமே ஒதச்ச. சுண்டல்காரனுக்கே தெரிஞ்சிபோச்சி, எனக்கு ரெண்டு பொட்டலம் குடுத்தான்" என்றாள். மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறிலிருந்து அக்கா பஸ்ஸில் போகிறாள். குழுவில் இன்னும் அந்தத் தடியன்தான் பாடுகிறான். டெக்கில் ஓடியதை அக்கா மகள் போனில் பிடித்து என் பெயரில் அங்கே போட்டாள். கம்ப்யூட்டரில் செய்த போலி என்று ஒரே நாளில் எடுத்துவிட்டார்கள். எடுத்தது யார் என்று எனக்குத் தெரியும், ஜவுளிக்கடை மாடியில் இருப்பவனுக்கும் தெரியும். நான் குழுவை விட்டு வெளியே வந்துவிடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கவுஹாத்தியைக் கேட்கிறேன், ஒன்றும் எழுதுவதில்லை. எங்கள் பதிவுக்குக் கீழே கூட்டம் முன்னூறுக்கு மேல் என்று இன்றும் இருக்கிறது. நானும் வெகுகாலம் தவறாகத்தான் எண்ணி வைத்திருந்தேன். அன்று அந்த ஹாலில் மாமாவின் குரலைக் கேட்டவர்கள், அவரையும் சேர்த்து, பன்னிரண்டு.